காலியான கருவூலமா, காலி செய்யப்பட்ட கருவூலமா?

ஊரக வேலையுறுதித் திட்டத்திற்குக் கூடுதல் நிதி கேட்டால், நிதிப் பற்றாக்குறையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்கிறது ஒன்றிய அரசு. மாநிலங்கள் உரிய பங்கைக் கேட்டாலும் அதே பல்லவிதான். ஆனால் கருவூலத்தின் வறட்சி, மழை பொய்த்து வந்த வறட்சி அன்று; தெரிந்தே மடை மாற்றியதன் விளைவு.

2015-16 பட்ஜெட்டில் செல்வ வரி ஒழிக்கப்பட்டது. 2019 செப்டம்பர் 20 அன்று, நாடாளுமன்றம் கூடியிராத வேளையில், ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கார்ப்பரேட் வரி குறைக்கப்பட்டது. பிற சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு அடிப்படை விகிதம் 30 சதவீதத்திலிருந்து 22 ஆயிற்று. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கோ 15. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று கணக்கிட்டதும் இதே அரசுதான். அன்று பற்றாக்குறை பற்றிய கவலை எங்கே போயிற்று?

அடுத்த ஆண்டே அந்தச் சுமை யார் தோளுக்கு மாறியது என்பது தெரிந்தது. 2020இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. அதன் பலன் மக்களைச் சேரவில்லை. மார்ச்சில் பெட்ரோல், டீசல் மீதான வரி லிட்டருக்கு 3 ரூபாயும், மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தப்பட்டன. மே மாத உயர்வு முழுவதும் செஸ்ஸாகவும் சிறப்புக் கூடுதல் தீர்வையாகவும் விதிக்கப்பட்டது. செஸ்ஸிலும் மேல்வரியிலும் மாநிலங்களுக்குப் பங்கில்லை. 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த 41 சதவீதம் இவற்றுக்குப் பொருந்தாது. ஒரே கல்லில் உழைப்பாளியின் சட்டைப்பையும் மாநிலத்தின் கருவூலமும் அடிபட்டன.

சலுகை தந்தால் முதலீடு பெருகும், வேலை பெருகும் என்பது ஆட்சியாளர்களின் வாதம். 2024 ஜூலையில் அவர்களே தாக்கல் செய்த பொருளாதார ஆய்வறிக்கை அதற்குப் பதில் தருகிறது. 33,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணக்குப்படி, 2020 முதல் 2023 வரையிலான மூன்றாண்டுகளில் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. ஆளெடுப்பும் ஊதியமும் அதற்கேற்ப உயரவில்லை. இதில் வியப்பில்லை. வாங்கும் சக்தி இழந்த நாட்டில் சரக்கை யாருக்கு விற்க எந்த முதலாளி ஆலை கட்டுவான்?

மறுநாள் வந்த பட்ஜெட்டில் அரசின் ஒவ்வொரு ரூபாயிலும் தனிநபர் வருமான வரி 19 காசு, ஜிஎஸ்டி 18 காசு, கார்ப்பரேட் வரி 17 காசு. வேலையுறுதித் திட்டத்திற்கு 86,000 கோடி ரூபாய். முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடும் இதே தொகைதான். விலைவாசி உயரும்போது மாறாத ஒதுக்கீடு என்பது வெட்டே ஆகும். வேலை கேட்டால் 15 நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது சட்டம். ஒதுக்கீட்டை இறுக்குவது அந்த உரிமையை ஓசையின்றிப் பறிப்பதாகும். 2019இல் ஒரே நாளில் விட்டுக்கொடுத்த தொகையோ இந்த ஒதுக்கீட்டைப் போல் ஒன்றரை மடங்கிற்கும் மேல்!

பற்றாக்குறையைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு: உள்ளவரிடம் வரி பெறுவது, இல்லாதவரின் செலவை வெட்டுவது. இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டு, வேறு வழியில்லை என்று ஏமாற்றுகிறது மோடி அரசு. கார்ப்பரேட் வரிச் சலுகையைத் திரும்பப் பெறுக! செல்வ வரியை மீண்டும் விதித்திடுக! செஸ், மேல்வரி வருவாயை மாநிலங்களுடன் பகிர்ந்திடுக! வேலை கேட்கும் அனைவருக்கும் போதிய நிதி ஒதுக்கிடுக! இக்கோரிக்கைகள் கருணை மனுக்கள் அல்ல. கருவூலத்தை நிரப்பும் மக்களின் உரிமைக் குரல்.