கோரைக்கும் கணக்கு வேண்டும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டது. ஆறு கடல் சேரும் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை! காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது ஏறத்தாழ 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்துக் கொழுத்தவர்கள் எங்கோ, நனைகிறவர்கள் நாம்.

பத்தமடைப் பாய்க்கு ஆற்றங்கரைக் கோரை வேண்டும். அது காய வெயிலும் வேண்டும், ஊற ஓடும் நீரும் வேண்டும். பருவம் தடுமாறினால் நம் சகோதரிகளின் தறி நின்றுவிடும். புவிசார் குறியீடு கொடுத்தாயிற்றாம். அதை நட்டால் கோரை முளைக்குமா?

வெள்ளமோ வறட்சியோ, நெல்லையும் வாழையையும் போலவே கோரையும் பாய்த்தறியும் நஷ்டஈட்டுக் கணக்கில் ஏற வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஆற்றோர ஜமாஅத்துகள் கூடி, நெய்பவர்களின் பட்டியலோடு கலெக்டரிடம் மனுக் கொடுக்கட்டும்.