வேட்டைப் படமும் வேண்டிய நண்பரும்

புளியங்குடி என்ற பெயரைக் காதால் மட்டும் கேட்ட வெளியூர்க்காரர் சிலர், அங்கே புலி உண்டா என்று விசாரிப்பது உண்டு. ஊர்ப் பெயரில் இருப்பது புளிய மரம், புலி அல்ல. ஆனால் ஊரிலிருந்து மேற்கே தலையை நிமிர்த்தினால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எடுத்ததுபோல் நிற்கிறது. மிளாவும் கேளையாடும் காட்டுப்பன்றியும் சிறுத்தையும் யானையும் நடமாடும் மலை அது. அடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டம் முடிகிற இடத்துக்கும் காடு ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவே சில இடங்களில் ஒரு முள்வேலிதான் வித்தியாசம்.

இப்படி மலையை ஒட்டியுள்ள ஊர்களில் பழைய வீட்டுப் பரண்மேல் கிடக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், கல்யாணப் படங்களுக்கு நடுவே வேறொரு வகைப் படமும் அகப்படுவதுண்டு. அரை டிராயரும் காக்கிச் சட்டையுமாக நாலைந்து வாலிபர்கள். நடுவில் இருப்பவர் கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி. காலடியில் ஒரு மிளா, அல்லது நாக்கு வெளியே தொங்கும் பன்றி. பக்கத்தில் இரண்டு வேட்டை நாய்கள். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது நாய்க்கு என்ன குறை? ஓரத்தில் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, காமிராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவர். அவர் யார் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இந்தப் படங்களை என்ன செய்வது? இன்று பல குடும்பங்களில் இது ஒரு தர்மசங்கடம். தாத்தா காலமானதும் பெட்டியைத் திறந்த பேரன், அவற்றைக் கண்டு வெட்கப்பட்டோ, போலீசார் வருவார்கள் என்று பயந்தோ, பழைய காகிதத்தோடு சேர்த்துக் கொளுத்திவிடுகிறான். இன்னொரு பேரன் நேர்மாறு. படத்தைக் கைப்பேசியில் பிடித்து, “எங்கள் தாத்தா சிங்கம்” என்ற ரீதியில் இரண்டு வரி எழுதி ஊரெல்லாம் அனுப்பிவிடுகிறான். இருவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். படத்தில் இருப்பவர்களில் உயிரோடிருக்கும் ஒருவரைக்கூட அவர்கள் கேட்கவில்லை.

வேட்டைப் படம் தனியாக இருக்கும் வரையில் அது பாதிப் பொய். படம் எடுத்த முறையே அப்படி. செத்த மிருகத்தை முன்னால் கிடத்திவிட்டு, வேட்டைக்காரர் இரண்டடி பின்னால் தள்ளி உட்கார்ந்துகொள்வார். மிருகம் மலைபோலத் தெரியும். இந்தச் சாமர்த்தியம் ஜமீன்தார் பங்களாவிலும் இருந்தது, சாமானியர் முற்றத்திலும் இருந்தது. அளவு சொல்வதிலும் அப்படித்தான். புலியின் நீளத்தை இரண்டு விதமாக அளப்பார்கள். மூக்கு நுனியிலும் வால் நுனியிலும் முளை அடித்து நேர்கோட்டில் அளப்பது ஒன்று. உடம்பின் வளைவுகள்மேல் நாடாவை ஓட்டி அளப்பது மற்றொன்று. பின்னதில் சில அங்குலம் கூடும். எதில் அளந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால், கதை சொல்பவருக்கு அந்த அங்குலங்கள் லாபம். 1930-ல் ஜிம் கார்பெட் சுட்ட பவல்கர் புலிக்குப் பத்தடி ஏழங்குலம் என்று கணக்கு. அது வளைவின்மேல் எடுத்த அளவு என்பதையும் அவர் கூடவே சொல்லிவிட்டார். நம் ஊர்த் திண்ணைகளில் அந்தப் பின்குறிப்பைச் சொல்வோர் அபூர்வம். புலி மட்டுமா, பன்றிகூடத் தீபாவளிக்குத் தீபாவளி அரையடி வளர்ந்துகொண்டே போகும்.

அதைத் தடுக்கக்கூடியவர் ஒருவர்தான் உண்டு. அன்று கூடப் போன நண்பர். “ஓய், நிறுத்தும் வே. அது நீர் சுட்டது இல்லை. நாய் மடக்கிப் போட்டது. உம்ம தோட்டா மரத்தில்லா பட்டுச்சு!” என்று சொல்லும் உரிமை மனைவிக்கும் இல்லை, மக்களுக்கும் இல்லை. அவருக்கு மட்டும் உண்டு. அப்போது முதலாமவர் கோபித்துக்கொள்வார்; பிறகு சிரிப்பார்; பிறகு, “அது சரி, அன்னைக்கு டார்ச் லைட்டைக் கீழே போட்டது யாரு வே?” என்று எதிர்க்கேள்வி போடுவார். இப்படி இரண்டு கிழவர்கள் ஒரு படத்தை நடுவில் வைத்துச் சண்டை போடும்போதுதான் உண்மை மெதுவாக வெளியே வருகிறது. எந்த ஓடை, எந்த மாதம், மழை பெய்ததா, யார் வழிகாட்டியது, கறி எத்தனை பங்காகப் பிரிந்தது என்பதெல்லாம் ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்துக் கோத்தால்தான் முழுமையாகும்.

படத்தில் வராத சங்கதிதான் அதிகம் என்பதையும் நண்பர்களே அறிவார்கள். அக்காலக் காமிராவில் ஒரு பிலிம் சுருளுக்குச் சதுரமாகப் பன்னிரண்டு படம். பிலிம் விலை அதிகம். கழுவி எடுக்க ஊர் விட்டு ஊர் போகவேண்டும். வெறுங்கையோடு திரும்பிய இரவை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. மார்கழிப் பனியில் பரண்மேல் விடிய விடிய உட்கார்ந்து, கொசுக்கடியைத் தவிர வேறெதுவும் கிடைக்காத இரவுகள் எத்தனை? அடிபட்டு ஓடிய மான் எங்கோ புதரில் விழுந்து செத்து, மூன்றாம் நாள் கழுகு வட்டமிட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்ட கதைகள் எத்தனை? ஆல்பத்தைப் புரட்டும் பேரனுக்கு, தாத்தா போன போதெல்லாம் வென்று வந்தார் என்று தோன்றும். கூடப் போனவருக்குத்தான் கணக்குத் தெரியும். அடிபட்டுத் தப்பிய மிருகத்தைப் பற்றிப் பேசும்போது வயோதிகர் பலரின் குரல் இறங்கிவிடுவதைக் கவனித்தவர்கள், அவர்களைக் கொலைகாரர்கள் என்று ஏசத் தயங்குவார்கள்.

காலத்தையும் மறக்கக் கூடாது. வெள்ளையர் ஆட்சியில் புலியையும் சிறுத்தையையும் கொன்றவர்களுக்குச் சர்க்காரே இனாம் கொடுத்தது. லைசென்ஸ் வாங்கியவர் சட்டப்படி வேட்டையாடலாம் என்றிருந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் சில வகை விலங்குகளுக்கு லைசென்ஸ் முறை ஏட்டில் இருந்து, 1991-ல் செய்த திருத்தத்தோடு அதுவும் போயிற்று. 1972-ல் இருபது வயது வாலிபராக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டியவர். லைசென்ஸ் காலத்தைக் கண்ணால் கண்டவர்களில் கடைசி வரிசை இதுதான். இன்னும் பத்து ஆண்டு போனால், படம் இருக்கும். படத்தைத் திருத்தச் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாடம் செய்த மான் தலை, கொம்பு, தோல் ஆகியவற்றை வீட்டில் வைத்திருக்கச் சட்டப்படி உரிமைச் சான்று வேண்டும். அது இல்லாமல் வைத்திருப்பது குற்றம். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்திய போட்டோவுக்கு அப்படிச் சான்று கேட்கும் விதி இல்லை. ஆகவே ஆல்பத்தைக் கொளுத்த அவசியம் இல்லை. ஆனால் போன பொங்கலுக்கு நாயை ஏவி முயல் பிடித்து, அதைக் கையில் தூக்கிக்கொண்டு எடுத்த படத்துக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அது நினைவுச் சின்னமல்ல. குற்றத்துக்குக் குற்றவாளியே எழுதிக் கொடுத்த வாக்குமூலம். பழைய படத்தை வருஷம் குறிக்காமல் ஊருக்கு அனுப்புவதில் உள்ள ஆபத்தும் இதுவே. பார்க்கிற பையனுக்கு அது 1958 என்று தெரியாது. அவன் கண்ணில் படுவது துப்பாக்கியும் மீசையுந்தான்.

இத்தனை தொல்லைப்பட்டு இவற்றைக் காப்பாற்றி என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவில் புளோரிடாவின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் என்ற தீவூர் பதில் சொல்லும். அங்கே உல்லாசப் பயணிகள் படகில் போய்த் தூண்டிலில் பிடித்த மீன்களைத் துறைமுகத்தில் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வீண் பெருமைக்காக எடுத்த படங்கள்தான். லோரன் மெக்ளெனகன் என்ற பெண் விஞ்ஞானி 1956 முதல் 2007 வரையிலான அந்தப் படங்களைத் திரட்டி, தொங்கும் மீன்களை அளந்து கணக்கிட்டார். சராசரி மீனின் எடை ஏறக்குறைய 20 கிலோவிலிருந்து 2.3 கிலோவாகக் குறைந்திருந்தது. 2009-ல் வெளியான இந்த ஆராய்ச்சிக்கு முதல் காரணம், எந்தத் துறை, எந்தக் காலம் என்பது அந்தப் படங்களுக்குத் தெரிந்திருந்ததுதான். பெயரும் ஊரும் இல்லாத படமாக இருந்தால் ஆயிரம் இருந்தும் பயனில்லை.

நம் மலைக்கும் அத்தகைய சாட்சி தேவை. நீலகிரி வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024-ல் எடுத்த கணக்கில் மாநிலத்தில் 1,031, மறு ஆண்டுக் கணக்கில் 1,303 என்று வந்தது. முறையாக எண்ணும் வேலையைத் தொடங்கி வைத்த முன்னோடி ஈ. ஆர். சி. டேவிதார், 1975-ல் அவர் செய்த ஆய்வை நினைவுகூர்ந்து அக்டோபர் 7-ஆம் தேதி வரையாடு தினமாகக் கொண்டாடப்படுகிறது. அவரும் முதலில் துப்பாக்கி பிடித்தவர்தான் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அவரைப் போன்றவர்கள் எண்ணத் தொடங்குவதற்கு முன்னே எந்தக் குன்றில் வரையாடு நின்றது, எந்தப் பள்ளத்தாக்கில் காட்டுமாடு மேய்ந்தது என்பதற்கு, வேட்டைக்குப் போனவர்களின் குறிப்பையும் படத்தையும் விட்டால் சாட்சிகள் குறைவு. சிவகிரிக்கு மேலேயா, புளியங்குடிக்கு மேலேயா என்று இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு படத்துக்கு இடம் குறித்துக் கொடுத்தால், அது வெறும் கதையாக நிற்காது.

அடிவாரத்து விவசாயிக்கும் இதில் சம்பந்தம் உண்டு. “அந்தக் காலத்தில் துப்பாக்கி இருந்தது, பன்றி அடங்கிக் கிடந்தது, இப்போது கிழங்கையும் மிஞ்சவிடுவதில்லை” என்பது இப்பக்கத்தில் தினமும் கேட்கும் முறையீடு. 2025 ஜனவரியில் தமிழக அரசு பிறப்பித்த ஆணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடவேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டும் கூடாது. மலையை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவருக்கு இதனால் என்ன ஆறுதல் என்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காலத்தில் பன்றி எதுவரை இறங்கியது, எந்தத் தோட்டத்தில் சுட்டார்கள் என்பதற்கு வாய்ப்பேச்சைவிட, தேதி போட்ட ஒரு படம் வலுவான ஆதாரம். அது விவசாயி பக்கம் பேசினாலும் பேசும், எதிர்ப்பக்கம் பேசினாலும் பேசும். இரண்டுக்கும் தயாராக இருப்பவரே ஆல்பத்தைத் திறக்கலாம்.

திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், துப்பாக்கிக்குப் பதில் காமிராவைச் சுமந்துகொண்டு காடு காடாக அலைந்தவர். கறுப்பு வெள்ளையில் யானைகளை அவர் எடுத்த படங்கள் பேர்பெற்றவை. தாமிரபரணிச் சீமையில் பிறந்த ஒருவர் அவ்வளவு செய்து காட்டியிருக்க, எல்லோரும் அவரைப் போலிருந்திருக்கலாமே என்று ஆசைப்படலாம். இருக்கவில்லை. இருந்தது இருந்தபடி தெரிவதுதான் நல்லது.

செய்யவேண்டிய வேலை பெரிதல்ல. பழைய நண்பர்கள் நடமாட முடிகிறபோதே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டவேண்டும். காபியும் சீவலும் இருந்தால் போதும். பிசின் தடவிய பக்கங்களும் மேலே கண்ணாடித் தாளும் கொண்ட ஆல்பங்களிலிருந்து படங்களை மெல்ல எடுத்துவிடுவது நல்லது. அந்தப் பிசின் படத்தைத் தின்றுவிடும். மையால் எழுதக் கூடாது; மென்மையான பென்சிலால், பின்பக்கத்து ஓரத்தில், அழுத்தாமல் எழுதவேண்டும். வருஷம் திட்டமாகத் தெரியாவிட்டால், இன்னார் கல்யாணத்துக்கு முன், இன்ன புயலுக்குப் பின் என்றாவது குறிக்கலாம். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதிவைப்பது உத்தமம். சமரசம் செய்து வைக்க மருமகன்கள் குறுக்கே விழவேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரத்தில் நிற்கிறாரே, அவர் பெயரைக் கேட்டு எழுதவேண்டும். மலையடிவாரத்துப் பளியர்கள் இல்லாமல் இப்பக்கத்தில் பெரிய வேட்டை ஏது? தடம் பார்த்தது அவர்கள். காற்று எந்தப் பக்கம் என்று சொன்னது அவர்கள். அடிபட்ட பன்றி புதருக்குள் நுழைந்தால் முதலில் உள்ளே போனதும் பெரும்பாலும் அவர்களே. கூலியும் ஒரு பங்கு கறியும் கொடுத்து அனுப்பிவிட்டுப் படத்தில் துப்பாக்கிக்காரர் நடுவில் உட்கார்ந்தார். அந்தப் பெயரை அறிந்தவர் அந்த நாலைந்து நண்பர்களில் ஒருவராகத்தான் இருக்கமுடியும். பெயர் கிடைத்தால், படத்துக்கு ஒரு பிரதி எடுத்து மலையடிவாரக் குடியிருப்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அங்குள்ள பேரப்பிள்ளைகளிடம் தாத்தாவின் படம் வேறு எதுவும் இல்லாமலிருக்கலாம். ஆல்பத்தின் ஓரத்தில் பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கும் அந்த ஒன்றே அவர் எடுத்துக்கொண்ட ஒரே படமாகவும் இருக்கலாம்.