எந்த ஊருக்கு? என்ன சாமானுக்கு?

அரிசி கேட்டு வருகிறவரிடம் "இட்லிக்கா, சாப்பாட்டுக்கா?" என்று கேட்காமல் எந்த மளிகைக் கடைக்காரரும் மூட்டையில் கை வைப்பதில்லை. எண்ணெய் கேட்டால் "விளக்குக்கா, சமையலுக்கா?" என்கிறோம். வாடிக்கையாளர் தலைமுறை தலைமுறையாக நம் கடையைத் தேடி வருவது இந்த ஒரு கேள்விக்காகத்தான். ஆனால், அதே கடையில் ஷாம்பு சரத்துக்கும் பேட்டரி அட்டைக்கும் பக்கத்தில் தொங்குகிற 'அடாப்டரை' மட்டும் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கிப் போட்டுக் கொள்கிறோம். இது சரியா என்பதே இம்மாதம் நாம் வணிகப் பெருமக்கள் முன் வைக்கும் கேள்வி.

சேவுகம்பட்டி, வத்தலக்குண்டு, நிலக்கோட்டை வட்டாரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் பிழைக்கப் போகிறவர்கள் உண்டு. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் உண்டு. ஹஜ், உம்ரா பயணம் போகிறவர்கள் உண்டு. மதுரையிலிருந்து 2012-இல் கொழும்புக்கு நேரடி விமானம் தொடங்கிய பிறகு வெளிநாட்டுப் பயணம் நம் பக்கத்து மக்களுக்கு இன்னும் கைக்கெட்டியதாகி விட்டது. இவர்கள் எல்லோரும் சாமான் கட்டுவது நம் கடைகளில்தான். ஊறுகாய், பருப்புப் பொடி, அப்பளம் எல்லாம் வாங்கி முடித்து, கடைசியாக "அண்ணாச்சி, வெளிநாட்டு பிளக் ஒண்ணு இருந்தா அதையும் போடுங்க" என்கிறார்கள். நாமும் போட்டு விடுகிறோம்.

மூன்று சாமானுக்கு ஒரே பெயர்

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. செல்போன் சார்ஜரின் தலையை அடாப்டர் என்கிறோம். ஒரு நாட்டுப் பின்னை இன்னொரு நாட்டு சாக்கெட்டில் பொருத்த உதவும் துண்டையும் அடாப்டர் என்கிறோம். 230 வோல்ட்டை 110 ஆகவோ, 110-ஐ 230 ஆகவோ மாற்றும் கன்வர்ட்டரையும் அடாப்டர் என்றே கேட்டு வாங்குகிறார்கள். மூன்றும் வெவ்வேறு சாமான்கள்.

பின் மாற்றும் அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும். சாக்கெட்டில் எத்தனை வோல்ட் வருகிறதோ அத்தனையும் அப்படியே உள்ளே போகும். மூட்டையின் வாயை வேறு கயிற்றால் கட்டினால் உள்ளே இருக்கும் அரிசி பருப்பாகி விடுமா? அப்படித்தான் இதுவும். வோல்ட்டை மாற்ற வேண்டுமானால் கன்வர்ட்டர் வேண்டும். மின்சாரம் ஒரு வினாடிக்கு எத்தனை முறை திசை மாறி மீண்டும் பழைய திசைக்கே வருகிறது என்பதைக் குறிக்கும் ஹெர்ட்ஸை, அதாவது 50-ஐ 60 ஆகவோ 60-ஐ 50 ஆகவோ, சாதாரண கன்வர்ட்டரும் மாற்றித் தராது.

இதன் கணக்கு வியாபாரிகளுக்கு எளிதில் புரியும். சூடாக்கும் சாமான்களில் வோல்ட் பாதியானால் சக்தி ஏறத்தாழ கால்வாசியாகும். இங்கே 1,000 வாட் தரும் நம் கெட்டில், அமெரிக்காவின் 120 வோல்ட்டில் 270 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும்; தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். அதில் நஷ்டம் நேரம் மட்டுமே. தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டு வந்த 1,000 வாட் ஹேர் டிரையரை வெறும் பின் மாற்றி நம் வீட்டு சாக்கெட்டில் செருகினால், அது இழுக்கப் பார்ப்பது 3,600 வாட்டுக்கும் மேல். நம் வீட்டுச் சிறிய சாக்கெட் 6 ஆம்பியர், அதாவது சுமார் 1,400 வாட் மட்டுமே தாங்கும். முதலில் சாமான் கருகும். பியூஸ் சரியாக இல்லாத வீடானால் வயரும் கருகும்.

எந்த நாட்டில் என்ன?

நாம் இன்று பயன்படுத்தும் உருண்டை முள் பிளக் வெள்ளைக்காரர் விட்டுச் சென்றது. பிரிட்டனில் 1934-இல் தரமாக்கப்பட்ட வடிவத்தின் வழி வந்தது அது. அதே பிரிட்டன் 1947-இல் சதுர முள்ளும் உள்ளே பியூஸும் கொண்ட 13 ஆம்பியர் பிளக்குக்கு மாறிவிட்டது. நாம் உருண்டை முள்ளோடு நின்றோம். சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார், குவைத் முதலான இடங்கள் சதுர முள்ளுக்குப் போயின. இலங்கையில் பழைய வீடுகளில் உருண்டை முள்ளும் புதியவற்றில் சதுர முள்ளும் காணப்படுகின்றன. உலகம் முழுவதற்கும் ஒரே பிளக் என்று சர்வதேச அமைப்பு 1986-இல் ஒரு வடிவத்தை வெளியிட்டும், பெரும்பாலான நாடுகள் அதற்கு மாறவில்லை. இன்றும் பதினைந்து வகைகள் கணக்கில் உள்ளன.

வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா செல்வோருக்கு வோல்ட் பற்றிய கவலை பெரும்பாலும் இல்லை. அங்கும் 230-ஐ ஒட்டியதுதான். பின் மாற்றும் அடாப்டர் போதும். ஆனால் சவூதி அரேபியா தனிக் கணக்கு. அங்கே 60 ஹெர்ட்ஸ். முன்பு 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் இரண்டுமே புழக்கத்தில் இருந்தன. 230 வோல்ட்டுக்கு மாறுவதென்று 2010-இல் அந்த அரசு முடிவெடுத்தது. ஹஜ், உம்ரா செல்வோரிடம், பழைய கட்டடங்களில் தங்கினால் எத்தனை வோல்ட் என்று கேட்டுக் கொண்டு செருகும்படி நாம் சொல்லி அனுப்ப வேண்டும்.

அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், தட்டை முள். ஜப்பானில் 100 வோல்ட். அந்த ஒரே நாட்டில் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ். 1957 முதல் நடந்து வரும் குவாங்சௌ பொருட்காட்சிக்குச் சரக்குப் பார்க்கப் போகும் நம் வியாபாரிகளுக்குச் சீனாவில் வோல்ட் தொல்லை இல்லை; அங்கே 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், முள் மட்டும் வேறு. ஆனால் தைவானில் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கிருந்து தராசோ, பாக்கெட் ஒட்டும் இயந்திரமோ வாங்குகிறவர்கள் நம் வோல்ட்டுக்கு ஏற்றதுதானா என்று ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக் கொள்வது நல்லது.

விடை சாமானின் முதுகிலேயே இருக்கிறது

இத்தனை நாடுகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு மின்சாமானின் பின்பக்கத்திலும் சிறிய எழுத்தில் 'இன்புட்' என்று போட்டிருக்கும். அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது எந்த நாட்டிலும் ஓடும். பின் மாற்றினால் போதும். செல்போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. அவற்றுக்குக் கன்வர்ட்டர் விற்பது வாடிக்கையாளரை வீண் செலவு செய்ய வைப்பதாகும். 220-240 என்று மட்டும் போட்டிருந்தால் அது 230 வோல்ட் நாடுகளுக்கு மட்டும். 110-120 என்று மட்டும் போட்டிருந்தால் நம் ஊர் சாக்கெட்டில் நேராகச் செருகவே கூடாது.

கன்வர்ட்டரிலும் இரண்டு வகை உண்டு. இரும்பும் செம்புக் கம்பியும் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் கனமாக இருக்கும். மோட்டாருக்கும் எலக்ட்ரானிக் சாமானுக்கும் அதுவே ஏற்றது. கைக்கு அடக்கமாக இருந்துகொண்டு 1,600 வாட் என்று அட்டையில் பெரிதாகப் போட்டு வருபவை பெரும்பாலும் இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் போன்ற சூடாக்கும் சாமான்களைக் கொஞ்ச நேரம் ஓட்டுவதற்கு மட்டுமே ஆனவை. அவற்றில் மிக்ஸியையோ எலக்ட்ரானிக் சாமானையோ போட்டால் கெட்டுப் போகும். மோட்டார் புறப்படும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால், 750 வாட் மிக்ஸிக்குக் குறைந்தது 1,500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதைத் தூக்கிக் கொண்டு விமானம் ஏறுவதா? அமெரிக்கா போகும் தாய்மார்களிடம், 110 வோல்ட்டுக்கென்றே செய்த மிக்ஸியும் கிரைண்டரும் கிடைக்கின்றன, அதையே வாங்கிச் செல்லுங்கள் என்று சொல்வதே நியாயமான வியாபாரம். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது; ஆனால் எந்தக் குறியீடும் வோல்ட்டை மாற்றித் தராது.

மூன்றாவது முள் அலங்காரத்துக்கு அல்ல

நாம் விற்கும் பல அடாப்டர்களில் எர்த் இணைப்பே கிடையாது. மூன்றாவது முள் பிளாஸ்டிக்கில் இருக்கும். உள்ளே கம்பி இருக்காது. செல்போன் சார்ஜருக்கு இது போதும். ஆனால் வளைகுடாவில் ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் தங்கும் இடத்தில் அந்த அடாப்டரில் இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடுமானால் என்ன ஆகும்? இன்னொரு பழக்கமும் உண்டு. சதுர சாக்கெட்டில் எர்த் முள் நுழைந்தால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும். அதைத் திறக்க நடுத் துளையில் பேனாவைச் செருகி, நம் ஊர் இரட்டை முள்ளை அழுத்தி விடுகிறார்கள். பிடிப்பு சரியில்லாமல் முள் சூடேறும், பொறி பறக்கும். சரியான அடாப்டர் ஒன்று கையில் இருந்தால் இதற்கெல்லாம் அவசியமே இல்லை.

வட்டிக்குக் கடன் வாங்கி விமானம் ஏறுகிறவன் நம் தெருப் பையன். அவன் தாய் நம் கடையில் கணக்கு வைத்திருப்பவர். பத்து ரூபாய் லாபத்துக்காக உள்ளே கம்பியில்லாத துண்டை அவன் பையில் போட்டு அனுப்பலாமா?

சட்டமும் நம்மைத்தான் கேட்கும்

"நாம் மளிகைக் கடைக்காரர்கள், இது எலக்ட்ரிக் கடைக்காரர் வேலை" என்று சிலர் சொல்லக்கூடும். "கேள்வி கேட்டுக் கொண்டிருந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்" என்றும் சொல்லக்கூடும். விற்கும்போது நம் சரக்கு, வினை வந்தால் வேறொருவர் சரக்கு என்ற பேச்சு இனி எடுபடாது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பொருளால் விளையும் தீங்குக்கு விற்பவரும் பொறுப்பாகும் சூழ்நிலைகளை அது வரிசைப்படுத்திச் சொல்கிறது. அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத பொருளை விற்றால், பொறுப்பு விற்றவரை வந்து சேரும். தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குகிறவரிடம் சேர்க்காமல் விட்டாலும் அப்படியே. பெயரில்லாத பெட்டியில், முகவரியில்லாத அட்டையில், பில்லில்லாமல் மொத்தமாக எடுத்து வரும் அடாப்டருக்கு யார் பதில் சொல்வது? சட்டத்தின் கண்ணில் அது நாம்தான். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை இல்லாத பாக்கெட்டை விற்பதே எடையளவுச் சட்ட விதிகளுக்கு விரோதம் என்பதும் நமக்குத் தெரிந்ததே.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே நமது யோசனைகள் இவை. பெயர், முகவரி, எத்தனை ஆம்பியர் என்ற விவரம் இல்லாத அடாப்டரை மொத்த வியாபாரிகள் கொள்முதல் செய்யாமலும், சில்லறை வியாபாரிகள் கேட்டு வாங்காமலும் இருக்க வேண்டும். பிளக், சாக்கெட்டுக்கான இந்தியத் தர எண் 1293. நம் ஊர் பிளக் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இந்த எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும். பின் மாற்றும் அடாப்டரையும் வோல்ட் மாற்றும் கன்வர்ட்டரையும் ஒரே கொக்கியில் தொங்கவிடாமல் தனித்தனியாக வைத்து, 'இது பின் மட்டும் மாற்றும்' என்று தமிழில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். கடைப் பையனுக்கும் இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாம் இல்லாத நேரத்தில் கல்லாவில் நிற்பவன் அவன்தான்.

நாடு, வோல்ட், முள் வடிவம் மூன்றையும் ஒரே அட்டையில் அச்சிட்டுக் கடைகளுக்கு வழங்கினால் பெரும் உதவியாக இருக்கும். நமது சங்கம் இதை வரும் கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். செலவு அதிகம் ஆகாது. அதுவரை, அடாப்டர் கேட்டு வருகிறவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: எந்த ஊருக்கு? என்ன சாமானுக்கு? பதில் சொல்லத் தெரியாவிட்டால், சாமானைத் திருப்பிப் பின்பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்து வரச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு விற்பனை தள்ளிப் போகலாம். போனவர் விவரத்தோடு நம் கடைக்கே திரும்பி வருவார்.