போத்தலுக்குள் அடைபட்ட கோரிக்கை

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறாண்டுகள் நிறைந்ததையொட்டி 2023ஆம் ஆண்டிலே கருத்தரங்குகள் பல நடைபெற்றன. அவற்றுள் ஒன்றில் நான் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர், வாந்திபேதியாலும் தாகத்தாலும் வழிநெடுக மாண்ட வரலாற்றைப் பேச்சாளர் ஒருவர் உருக்கமாக எடுத்துரைத்தார். இடையிலே நா வறண்டுபோகவே, முன்னிருந்த போத்தலைத் திறந்து ஒரு மிடறு அருந்தினார். கூட்டம் கலைந்தபின் மேடையிலிருந்த போத்தல்களை எண்ணினேன். பதினொன்று, பெரும்பாலானவை முக்கால் நிறைந்தபடியே குப்பைப் பைக்குட் சென்றன. மண்டபத்தின் வெளிச்சுவரிலே குழாய் ஒன்று இருந்தது. அதனை எவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

போத்தல் தண்ணீரை நாம் கைவிடவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இதனைச் சிக்கன உபதேசமாகக் கொள்ளவேண்டாம். ஆயினும் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2025இல் விதித்த உச்ச விலைப்படி 500 மில்லிலீற்றர் போத்தல் 70 ரூபாய், ஒரு லீற்றர் 100 ரூபாய். நாளொன்றுக்கு இரு சிறு போத்தல்கள் வாங்கும் மாணவன் 140 ரூபாய் செலவிடுகிறான். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதில் பத்திலொரு பங்குக்கும் மேல் மகனின் தண்ணீருக்குப் போயிற்று! நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பட்டியலில் ஓர் அலகு என்பது 1,000 லீற்றர். அதே அளவைப் போத்தலாக வாங்கினால் ஓர் இலட்சம் ரூபாய் வேண்டும்.

விலை போகட்டும், சுத்தமல்லவா முக்கியம் என்பர். சுத்தம் என்பது இங்கே பெரும்பாலும் நம்பிக்கையே. போத்தல் நீருக்கு எஸ்.எல்.எஸ். 894 என்னும் தரம் உண்டெனில், குடிநீருக்கு எஸ்.எல்.எஸ். 614 என்னும் தரமும் உண்டு. முன்னதை அறிந்தவர் பின்னதை அறியார். விளம்பரத்தின் வெற்றி அது. 2018இல் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒன்பது நாடுகளில் வாங்கிய 259 போத்தல்களைச் சோதித்தபோது, அவற்றுள் 93 சதவீதத்தில் நுண்பிளாஸ்ரிக் துணிக்கைகள் காணப்பட்டன. 2024இல் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் அதனினும் நுண்ணிய கருவிகளைக் கொண்டு நோக்கியபோது, லீற்றர் ஒன்றுக்குச் சராசரி இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் துணிக்கைகளைக் கண்டனர். இவை உடலுக்கு இன்ன தீங்கு செய்யும் என்று அறிவியல் இன்னும் அறுதியிட்டுக் கூறவில்லை. நானும் மிகைப்படுத்தப் போவதில்லை. சுத்தத்துக்கென்று காசு கொடுத்து வாங்கிய பொருளில் இத்தனை இலட்சம் துணிக்கைகள் எதற்கு என்பதே என் கேள்வி. தம்புள்ளை வீதியோரக் கடைகளின் முன்னே வெயிலில் அடுக்கிவைத்த போத்தல்களைக் காணாதவர் நம்மில் யார்? சூடேறச் சூடேற இப்பிளாஸ்ரிக்கிலிருந்து அந்திமனி என்னும் மூலகம் நீரிற் கசிவது கூடுகிறது என்பதும் ஆய்வாளர் கண்டதே.

இனி என் ஊருக்கு வருகிறேன். இரத்தோட்டைக்கு மேலே, நக்கிள்ஸ் மலைச்சாரலில் ஒரு தோட்டம். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இம்மலைத்தொடர். மாத்தளை மாவட்டத்தின் ஓடைகள் பல இங்கேதான் பிறக்கின்றன. எங்கள் லயத்துக்கோ மேட்டு ஊற்றிலிருந்து ஒரு குழாய். அதன் முனையில் பீலி. ஊற்றுக்கு மேலே தேயிலை, தேயிலைக்கு உரம், களைநாசினி. பெருமழை பெய்தால் பீலியில் தேநீர் நிறத்திலே தண்ணீர் வரும். 'இன்றைக்குச் சாயம் போடாமலே தேத்தண்ணி' என்று அம்மா சிரிப்பார். அந்த நீரை எவரேனும் ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றதாக எனக்கு நினைவில்லை. நகரம், கிராமம், தோட்டம் என நாடு மூன்றாக வகுக்கப்படும்போது, பாதுகாப்பான குடிநீர் கிடைப்பதில் தோட்டமே கடைசியில் நிற்கிறது.

இங்கேதான் போத்தலின் உண்மையான தீங்கைக் காண்கிறேன். மனு எழுதத் தெரிந்தவர், அதிகாரியிடம் பேசத் தெரிந்தவர், பத்திரிகைக்கு எழுதக் கூடியவர் யாவரும் இன்று போத்தலுக்குள் ஒதுங்கிவிட்டனர். பட்டம் பெற்று லயத்தை விட்டு இறங்கிய எங்கள் அண்ணன்மாரும் விடுமுறைக்கு வரும்போது ஐந்து லீற்றர்க் கலனோடுதான் வருகிறார்கள். தம் பிள்ளைக்குக் கலன் நீர், அயல் வீட்டுப் பிள்ளைக்குப் பீலி நீர்! நோய்க்கு அஞ்சும் அவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் நீரைச் சோதிக்கும்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அவர்கள் ஒரு கடிதமேனும் எழுதியிருந்தால்? தாகம் பொதுவாக இருந்தவரை கோரிக்கையும் பொதுவாக இருந்தது.

எதிர்வாதங்களை நான் அறியாமலில்லை. பாட்டன் பூட்டன் குடித்த ஊற்றுநீரை அப்படியே குடிப்போம் என்னும் பழம்பெருமைக்காரரோடு எனக்கு உடன்பாடில்லை. பாட்டன் வயிற்றோட்டத்தால் இறந்ததையும் நாம் மறக்கலாகாது. பீலி நீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே குடிக்கவேண்டும். அதுவும் எங்கும் பொருந்தாது. நம் மாவட்டத்துக்குள்ளேயே வில்கமுவப் பகுதியில், காரணம் அறுதியிடப்படாத சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் அங்கே ஐயத்துக்குரியவை. கொதிக்கவைத்தாற் புளோரைட் போகாது. அங்குள்ள விவசாயி சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தன் கலனைக் கொண்டுசென்று நீர் வாங்குவதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலைகளைச் சரித்தபோது போத்தல் நீர் நிவாரணமாயிற்று, அதுவும் முறையே. அவசரத்துக்கு வந்த ஊன்றுகோலைச் சுகமாயிருக்கும்போதும் பிடித்துக்கொண்டு நடப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

தடை போட்டால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் வேர்மொண்ட் பல்கலைக்கழகம் 2013இல் தன் வளாகத்தில் போத்தல் நீர் விற்பனையை நிறுத்தியது. மாணவர் சர்க்கரைப் பானங்களை வாங்கினர். வளாகத்துக்கு வந்த போத்தல்களின் தொகை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. எனவே நமது சங்கத்தின் முன் இவற்றை வைக்கிறேன். அடுத்த கலைவிழாவில் மேடைக்கும் சபைக்கும் மண்பானையும் குவளையும் வைக்கவேண்டும். குவளை கழுவும் வேலையை என் வகுப்பினர் ஏற்போம். விடுதிக் குழாய் நீரைப் பரிசோதிக்கக் கோரிப் பெறுபேற்றை அறிவித்தற் பலகையில் ஒட்டவேண்டும். போத்தல்களில் மிச்சமாகும் பணத்தைக் கொண்டு தோட்டப் பீலிகள் சிலவற்றின் நீரைச் சோதிக்கலாம். எங்கள் பீலியின் நீரைச் சுத்தமான போத்தலொன்றில் நானே கொண்டுவருகிறேன்.