கயிறு யார் கையில்?

ஒரு சின்ன டெஸ்ட். உங்களுக்கு ரொம்பப் பிடிச்சவங்க உங்க செல்போன் பாஸ்வேர்டைக் கேட்டா கொடுப்பீங்களா? பாதிப் பேர் 'ஓ, தாராளமா!'ன்னு சொல்லுவீங்க. சரி, ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் கேட்டா? இப்போ கொஞ்சம் யோசிக்கிறீங்க இல்ல? அந்த யோசனைதான் இந்த வாரம் நம்ம சப்ஜெக்ட்.

எங்க தூத்துக்குடியில, பக்கத்துத் தெருவுல ஒரு அக்கா. அவங்க வீட்டுக்காரருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஏறினா எட்டு மாசம் கழிச்சுத்தான் இறங்குவார். சம்பளம் அவர் பேரில் மட்டும் இருக்கிற கணக்குக்கு வரும். கார்டை அக்காகிட்ட கொடுத்துட்டு நிம்மதியாக் கிளம்பிடுவார். பத்து வருஷம் ஒரு பிரச்னையும் இல்லை. ஒரு ஜூன் மாசம், ஸ்கூல் பீஸ் கட்டுற நேரம் பார்த்து, கார்டு காலாவதி ஆயிடுச்சு. புதுசு வேணும்னா கணக்குக்காரர்தான் கேட்கணும். அவரோ நடுக்கடலில்!

"பத்து வருஷமா இந்தப் பணத்துலதான் தம்பி குடும்பம் நடத்துறேன். அந்தக் கணக்குல எனக்குப் பேரே இல்லைங்கிறது அன்னைக்குத்தான் உறைச்சுது" என்றார் அக்கா. கம்மலை அடகு வைத்து பீஸ் கட்டினார்.

வங்கி மேல் கோபப்பட முடியாது. அவர்கள் விதியைச் சொன்னார்கள். பெங்களூருவில் 2013-ல் நடந்த கதையைக் கேளுங்க. குழந்தை பெற்று வீட்டில் இருந்த ஒரு பெண், 25 ஆயிரம் ரூபாய் எடுத்துவரச் சொல்லித் தன் கார்டையும் ரகசிய எண்ணையும் கணவரிடம் கொடுத்தார். மெஷினில் இருந்து சீட்டு வந்தது, பணம் வரவில்லை. ஆனால், கணக்கில் கழிந்துவிட்டது. கேமரா பதிவைப் பார்த்த வங்கி, 'பணம் எடுக்க வந்தவர் கணக்குக்காரர் இல்லையே, ரகசிய எண்ணைப் பகிர்ந்தது தவறு' என்று கைவிரித்தது. நுகர்வோர் மன்றத்தில் வழக்கு நடந்து, 2018-ல் தீர்ப்பும் வங்கிக்குச் சாதகமாகவே வந்தது. கணவன் மனைவியாக இருந்தாலும் சரி, கார்டைக் கொடுப்பது வேறு. கணக்கைப் பகிர்வது வேறு!

எங்க கடற்கரையில் இந்த வித்தியாசம் ரொம்பப் பழசு. இங்கே அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ல் கடைசியாக நடந்தது. மூச்சடக்கி மூழ்கிய அந்தக் காலத்தில், குளியாளியின் உயிர் படகில் கயிறு பிடித்து நிற்பவர் கையில். கீழே இருந்து கயிறு அசைந்தால் உடனே இழுக்கணும். அதனால்தான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்களாம். தங்கச்சி தாலிக்காகவாவது அவர் கண்ணசர மாட்டார் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நம்பிக்கை மட்டும் இருந்தால் போதாது பாருங்க. நம்புகிற ஆள் கையில் கயிறும் இருக்கணும். அக்கா கையில் அன்றைக்கு இருந்தது பிளாஸ்டிக் அட்டை மட்டும்தான்.

அப்போ ஜாயின்ட் அக்கவுன்ட் போட்டால் முடிந்ததா? அவசரப்படாதீங்க. விண்ணப்பத்தில் 'கணக்கை இயக்கும் முறை' என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் படிக்காமலேயே டிக் அடிக்கிற கட்டம் அதுதான்.

'ஈதர் ஆர் சர்வைவர்': இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம், ஒருவர் இறந்தால் மற்றவர் தொடரலாம். ரொம்ப வசதி. ஆனால், ஒருவரே மொத்தத்தையும் வழித்தெடுத்தாலும் வங்கி கேட்காது.

'ஜாயின்ட்லி': இரண்டு கையெழுத்தும் வேண்டும். பாதுகாப்பு அதிகம். ஆள் ஊரில் இல்லாவிட்டால் திண்டாட்டம்.

'ஃபார்மர் ஆர் சர்வைவர்': முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டுமே இயக்கலாம். இரண்டாவது ஆளுக்கு பாஸ்புக்கில் பேர் உண்டு, கயிறு கிடையாது.

கப்பலுக்குப் போக ஆசைப்படுகிற தம்பி, தங்கைகள் இதை நோட் பண்ணிக்கோங்க. வெளிநாட்டு வருமானத்துக்கான என்.ஆர்.ஈ. கணக்கில், ஊரில் இருக்கும் மனைவியையோ கணவரையோ சேர்க்க ரிசர்வ் வங்கி 2011-ல் வழிவிட்டது. ஆனால், அந்த மூன்றாவது முறையில்தான். எனவே, கப்பல் ஏறும் முன்பே வீட்டில் இருப்பவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். அல்லது மாதாமாதம் குடும்பச் செலவுக்கான தொகை இருவர் பேரிலும் உள்ள உள்ளூர்க் கணக்குக்குப் போக ஏற்பாடு பண்ணணும். அந்த அக்கா வீட்டில் இப்போ அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். கணக்கில் உயிரோடு இருக்கும் மற்றவருக்கோ நாமினிக்கோ வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். அதனாலேயே பணம் முழுக்க அவருடையது ஆகிவிடாது. சட்டப்படியான வாரிசுகளின் உரிமை அப்படியேதான் இருக்கும்.

'சம்பாதிக்கிறவர் பணம், அவர் இஷ்டம்'னு நினைக்கிறவங்களுக்கு கோர்ட் சொன்னதைச் சொல்றேன். கணவர் சவுதியில் உழைத்துப் பணம் அனுப்ப, மனைவி இங்கே குடும்பத்தைக் கவனித்துக்கொண்டு சொத்து வாங்கிய ஒரு வழக்கு. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், இல்லத்தரசியின் உழைப்பும் அந்தச் சேமிப்பில் இருக்கிறது என்று சொல்லி அவருக்குப் பாதிப் பங்கு கொடுத்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதி நாகரத்னா, வேறொரு வழக்கின் தீர்ப்பில், வேலைக்குப் போகாத மனைவியோடு கூட்டுக் கணக்கையும் ஏ.டி.எம். வசதியையும் கணவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று குறிப்பிட்டார். பிரான்ஸில் கணவர் சம்மதம் இல்லாமல் மனைவி சொந்தமாக வங்கிக் கணக்கு தொடங்கும் உரிமையே 1965-ல்தான் வந்தது என்றால் நம்புவீர்களா?

அதனால எல்லாத்தையும் ஒரே கணக்கில் கொட்டணும்னு சொல்ல வரலை. குறிப்பா, தோழிகளே... கல்யாணத்துக்கு அப்புறம் உங்க சொந்தக் கணக்கை மூடிடாதீங்க. அவருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு, வாடகை, மளிகை, கரன்ட் பில்லுக்கு ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு. பொதுக் கணக்கில் யார் எவ்வளவு போடுவது என்பதை வருமானத்தை வைத்துப் பேசி முடிவு பண்ணுங்க. சம்பளம் குறைவானவரிடம் சரிபாதி கேட்டால், அவர் பர்ஸ் எப்போதும் காலியாத்தான் இருக்கும். ஒருவருக்குச் சம்பளமே இல்லைன்னா, அவரோட சொந்தக் கணக்குக்கும் மாசா மாசம் கொஞ்சம் போகட்டும். அதுக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொண்ணு பார்க்க வரும்போது சம்பளம் கேட்கிறோம், நகை கேட்கிறோம். 'நம்ம பணத்தை எப்படி வெச்சுக்கலாம்?'னு மட்டும் கேட்க மாட்டோம். உங்க தலைமுறையாவது கேளுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு ஹோம்வொர்க். இன்னைக்கே உங்க வீட்டு பாஸ்புக்கை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்க. அம்மா பேர் இருக்கா? இருந்தா, எந்த முறையில? நாமினி யாரு? இல்லைன்னா அப்பாகிட்ட சண்டை போடாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து, இந்த அக்கா கதையைச் சொல்லுங்க.