இரண்டு வருஷமா, இருநூற்று நாற்பது மணி நேரமா?

போன வருஷம் இன்டர்ன்ஷிப்புக்காக பெங்களூருல இருந்தப்போ, ஒரு சாயங்காலம் சிட்டி பஸ்ல என் பக்கத்துல ரெண்டு பசங்க வந்து நின்னாங்க. வெள்ளைச் சட்டை, டை, பாலிஷ் போட்ட ஷூ, நெஞ்சுல ஒரு கறுப்பு பேட்ஜ். முதல்ல மெடிக்கல் ரெப்புன்னுதான் நினைச்சேன். பேட்ஜை உத்துப் பார்த்தா "எல்டர்"னு போட்டு அவங்க குடும்பப் பேர் இருந்துச்சு. எல்டர்னா மூப்பர். ரெண்டு பேருக்கும் மீசை கூட சரியா முளைக்கல. வயசு கேட்டேன். பத்தொன்பதாம்.

ஒருத்தன் ஆந்திரா, இன்னொருத்தன் டெல்லி. மார்மன் சபை மிஷனரிகள். முழுப்பேர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் ஆரம்பித்தது. தலைமையிடம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. "மார்மன்"னு கூப்பிடாதீங்க, முழுப்பேரைச் சொல்லுங்கன்னு 2018-லேர்ந்து சபையே கேட்டுக்குது. அந்தப் பையனும் சிரிச்சுக்கிட்டே அதைத்தான் சொன்னான். நானும் சிரிச்சுக்கிட்டே மறுபடி மார்மன்னுதான் சொன்னேன். நாக்கு வரல.

இது மதத்தைப் பத்தின கட்டுரை இல்ல. அவங்க என்கிட்ட புத்தகம் எதுவும் நீட்டல, நானும் மாறப் போறதில்ல. டிராஃபிக்ல பஸ் நகராம நின்ன அந்த ஒரு மணி நேரத்துல அவங்க சொன்ன தினசரி வாழ்க்கைதான் என்னை விடாம அரிச்சுக்கிட்டு இருக்கு.

காலை ஆறரைக்கு எழுந்திருக்கணும். உடற்பயிற்சி, குளியல், படிப்பு. அப்புறம் வெளியே கிளம்பினா ராத்திரி வரைக்கும் மனுஷங்களைப் பார்க்கிறதுதான் வேலை. பத்தரைக்கு விளக்கணைப்பு. 2017-லேர்ந்து இந்த அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தியிருக்காங்க, ஆனா அடிப்படை அதேதான். எப்பவும் ஜோடியாத்தான் போகணும், தனியா எங்கேயும் போகக்கூடாது. ஜோடியை அவங்க தேர்ந்தெடுக்க முடியாது, போற ஊரையும் தேர்ந்தெடுக்க முடியாது. காதல், சினிமா எதுவும் கிடையாது. வாரத்துல ஒரு நாள் துணி துவைக்க, மளிகை வாங்க, வீட்டுக்குப் பேச. அந்த வீட்டுக்குப் பேசுறதே 2019 பிப்ரவரிக்கு அப்புறம் வந்த சலுகைதான். அதுக்கு முன்னால கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, அன்னையர் தினத்துக்கு ஒரு தடவை, வருஷத்துல ரெண்டே ரெண்டு போன் கால். மத்தபடி கடிதமும் ஈமெயிலும்தான். நம்ம ஹாஸ்டல்ல வைஃபை ரெண்டு மணி நேரம் போச்சுன்னா வார்டன் ரூம் வாசல்ல கூட்டம் நிக்கும்.

ஆண்களுக்கு இது 24 மாசம், பெண்களுக்கு 18 மாசம். 2012 அக்டோபர்லதான் குறைந்தபட்ச வயசை ஆண்களுக்கு 19-லேர்ந்து 18-ஆகவும், பெண்களுக்கு 21-லேர்ந்து 19-ஆகவும் குறைச்சாங்க. சம்பளம் கிடையாது. அதை விட, செலவையே அவங்க குடும்பமோ உள்ளூர் சபையோதான் பார்க்கணும். அமெரிக்கா மாதிரி நாடுகள்லேர்ந்து போறவங்களுக்கு 2020-லேர்ந்து மாசம் 500 டாலர். ஆக காசையும் கொடுத்து, வாழ்க்கையில ரெண்டு வருஷத்தையும் கொடுத்து, நாள் முழுக்க "வேண்டாம் தம்பி"ன்னு கேட்டுட்டு வர்றாங்க.

எனக்கு இதுல ஒப்புக்கொள்ள முடியாததும் இருக்கு. பத்தொன்பது வயசுப் பையனை அம்மாகிட்ட பேச விடாம வெச்சிருந்தது எந்தக் கணக்குல சேவை? நடுவுல முடியலன்னு திரும்பி வர்ற பையனை ஊரு எப்படிப் பார்க்கும்? அதைக் கேட்டப்போ ஆந்திராக்காரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். நானும் விட்டுட்டேன்.

ஆனா அவன் கேட்ட ஒரு கேள்விக்கு நான் முழிச்சேன். "உங்க ஊர்ல என்ன வேலை பார்ப்பாங்க?"ன்னான், அரைகுறைத் தமிழ்ல. சபையில வர்ற தமிழ்க்காரங்ககிட்ட கத்துக்கிட்ட தமிழாம். நான் "ஃபிஷ் பிசினஸ்"ன்னேன். அவன் விடல. "பிசினஸா, நீங்களே பிடிப்பீங்களா? ராத்திரி கடல்ல திசை எப்படித் தெரியும்?" எனக்கு வாடை, கொண்டல், கச்சான்னு காத்துப் பேர் தெரியும். அதை வெச்சு அப்பா எப்படிக் கணக்குப் போடுறார்னு தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்ல. ஜி.பி.எஸ் இருக்குன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

இப்ப நம்ம கதைக்கு வர்றேன். நாட்டு நலப்பணித் திட்டம், அதாங்க என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டு வருஷமான 1969-ல் செப்டம்பர் 24 அன்னைக்கு ஆரம்பிச்சது. கணக்கு நமக்கெல்லாம் தெரியும்: வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துல 240, கூட ஏழு நாள் முகாம். ரெண்டாம் வருஷம் எங்க பேட்சுக்கு முகாம் போட்ட ஊர் மண்டபத்தூர். என் ஊர்.

நான் அதை யார்கிட்டயும் சொல்லல.

ஏன் சொல்லலன்னு இப்ப யோசிச்சா கூசுது. கருவாடு வாசனைன்னு மூக்கைப் பொத்திக்கிட்டு வந்த கூட்டத்துல "இது எங்க தெரு"ன்னு சொல்ல வாய் வரல, அவ்வளவுதான். மாசி மகத்துக்குத் திருவேட்டக்குடி சாமியே எங்க கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். நான் கேப் போட்டு முகத்தை மறைச்சுக்கிட்டுப் போனேன். கையில இங்கிலீஷ்ல அடிச்ச சர்வே ஃபாரம். குடும்ப உறுப்பினர் எத்தனை, கழிப்பறை உண்டா, மாத வருமானம் எவ்வளவு.

கடல்காரன்கிட்ட மாத வருமானம் கேட்டா அவன் என்ன சொல்லுவான்? ஒரு நாள் ஏலத்துல நல்ல விலை போகும், அடுத்த பத்து நாள் டீசலுக்கே காணாது. கிடைச்சதுல படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள். ஒரு பெரியவர் "கடலைத்தான் கேக்கணும்"னார். எங்க டீம்ல அதுக்குக் கட்டம் இல்ல. நாலாவது வீட்டுக்கு அப்புறம் எல்லாருக்கும் பத்தாயிரம்னு நாங்களே போட்டோம். அந்த ரிப்போர்ட் பைண்டிங் ஆகி, நல்ல மார்க்கும் வாங்குச்சு. தப்பான இன்புட் போட்டா தப்பான அவுட்புட்தான் வரும்னு முதல் செமஸ்டர்லயே படிச்ச பசங்கதான் நாம.

பதினோராவது வீடு எங்க வீடு. அப்பாயி வாசல்ல உக்காந்திருந்துச்சு. டீம்ல ஒருத்தி "பாட்டி, மாச வருமானம் எவ்ளோ?"ன்னா. அப்பாயி அவளைப் பார்க்கல, என்னைப் பார்த்துச்சு. "யாரோட வந்திருக்க ராசா?"ன்னு கேட்டுச்சு. நான் ஃபாரத்துல தலையைக் குனிஞ்சு பத்தாயிரம்னு எழுதினேன்.

பெங்களூர்லேர்ந்து வந்ததும் ஒரு நாள் பைக்கை எடுத்துக்கிட்டு தரங்கம்பாடி போனேன். பூவம் எல்லை தாண்டினா கொஞ்ச தூரம்தானே. நாம அங்க போறதே கோட்டை முன்னாடி செல்ஃபி எடுக்கத்தான். இந்தத் தடவை 1718-ல் கட்டின புது எருசலேம் தேவாலயத்துக்குள்ள போனேன். அங்கதான் சீகன்பால்கு அடக்கம் ஆகியிருக்கார். பள்ளிக்கூடத்துல "தமிழில் முதன்முதலில்..."ன்னு ஒரு மார்க் கேள்வியாப் படிச்சதோட சரி. ஆளைப் பத்தித் தேடிப் படிச்சது அதுக்கப்புறம்தான்.

ஜெர்மன்காரர். டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பி, புளுட்சோ என்ற துணையோடு 1706 ஜூலை 9 அன்னைக்குத் தரங்கம்பாடி வந்து இறங்கினார். பாருங்க, அவரும் ஜோடியாத்தான் வந்திருக்கார். வயசு இருபத்து நாலை ஒட்டி, நம்ம சூப்பர் சீனியர் வயசு. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தங்கள் வீட்டுக்கே பள்ளிக்கூடத்தை மாத்திக்கச் சொல்லி, குழந்தைகளோட தரையில உக்காந்து மணல்ல விரலால எழுத்து எழுதிக் கத்துக்கிட்டார். பல ஐரோப்பிய மொழி தெரிஞ்ச அழகப்பன் மொழிபெயர்ப்பாளரா உதவினார். ரெண்டே வருஷத்துல நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஓலைச்சுவடிகளைச் சேர்த்து, படிச்சு, பட்டியல் போட்டுட்டார். நடுவுல டேனிஷ் கவர்னரோடு மோதி நாலு மாசம் சிறை. அச்சகம் வந்தது, பொறையாறு பக்கம் காகிதப் பட்டறை போட்டது, 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளியானது எல்லாம் அதுக்கப்புறம். 1719-ல் இறக்கும்போது வயசு 36.

மணல்ல எழுதின அந்த ஒரு விஷயத்துலேயே நான் நின்னுட்டேன். படிச்சு முடிச்ச ஆளு, ராஜா கொடுத்த வேலையோட வந்த ஆளு, அஞ்சு வயசுப் புள்ளைங்க பக்கத்துல மாணவனா உக்காந்திருக்கார். நான் என் சொந்த ஊருக்கு, என் சொந்த மொழி பேசுறவங்ககிட்ட, ஆபீசர் மாதிரி ஃபாரத்தோட போயிருக்கேன்.

இதை வாசிச்ச என் ரூம்மேட் கேட்டான்: "டேய், ரெண்டு பேருமே ஆள் சேர்க்கத்தான்டா வந்தாங்க. கத்துக்கிட்டதே நம்மளை மாத்தத்தான். இதுல என்ன பெருமை?" நியாயமான கேள்வி. ஆமா, அதுக்குத்தான் வந்தாங்க. அதை நான் மூடி மறைக்கல. ஆனா கத்துக்க உக்காந்தவன் வந்த மாதிரியே திரும்பிப் போறதில்ல. சீகன்பால்கு தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, அவங்க எழுதின பதில்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சுல வர வெச்சார். உங்க ஆளுங்க குடிக்கிறாங்க, சுத்தம் கிடையாதுன்னு நம்மாட்கள் திட்டின பதிலும் அதுல உண்டு. 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பத்தி ஒரு பெரிய நூலே எழுதினார். ஹாலேயில இருந்த அவரோட மேலாளர் பிராங்கே அதை அச்சடிக்க விரும்பல. அந்த மதத்தை ஒழிக்கத்தானே உன்னை அனுப்பினோம்ங்கிற கடுப்பு. அந்த நூல் அச்சேறினது 1867-ல். நூத்தம்பது வருஷத்துக்கு மேல தூங்கியிருக்கு. அனுப்பினவங்களுக்கே பிடிக்காத அளவுக்கு ஒரு ஆள் இந்த ஊரைத் தெரிஞ்சுக்கிட்டார்.

எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு. மார்மன்காரங்களே 1853-ல் மதராஸ் வந்திருக்காங்க. ரிச்சர்ட் பாலன்டைன்னு ஒருத்தர். ஒரு வருஷம் போல இருந்து, இங்கிலீஷ்ல ஒரு மாதப் பத்திரிகை கூட நடத்தினார். பழகினது பெரும்பாலும் வெள்ளைக்காரங்க வட்டத்துல. 1854-ல் கிளம்பிட்டார். இன்னைக்கு மதராஸ்ல அவர் பேர் யாருக்காவது தெரியுமா? தரங்கம்பாடியில பஸ்ஸை விட்டு இறங்கி சீகன்பால்குன்னு கேளுங்க, டீக்கடைக்காரர் வழி சொல்லுவார்.

வீட்டுல இதைப் பேசிக்கிட்டு இருந்தப்போ அம்மா சுனாமிக் கதையை எடுத்தாங்க. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. நான் அப்போ பிறக்கல. அதுக்கப்புறம் வராத ஆள் இல்ல, இறக்காத சாமான் இல்ல. யாரோ அனுப்பின பழைய துணி இந்தக் கரை முழுக்க ரோட்டோரம் குவிஞ்சு கிடந்து மழையில மக்கிப் போச்சு. யார் யார் என்னென்ன கொடுத்தாங்கன்னு அம்மாவுக்கு நினைவில்ல. ஒரே ஒரு காலேஜ் பொண்ணை மட்டும் சொன்னாங்க. மூணு மாசம் தங்கியிருந்தாளாம். பொம்பளைங்களோட உக்காந்து மீன் ஆயக் கத்துக்கிட்டாளாம், கையைக் கிழிச்சுக்கிட்டு. "எதுவும் கொடுக்கல அவ. ஆனா யாரு யாரைப் பறிகொடுத்தாங்கன்னு பேர் பேரா அவளுக்குத் தெரியும்"னாங்க.

அப்ப நான் கேக்குறது இதுதான். நமக்கு ரெண்டு வருஷம் கொடுக்க முடியாது, அரியர் இருக்கு, பிளேஸ்மென்ட் இருக்கு, புரியுது. 240 மணி நேரமே போதும். ஆனா ஒவ்வொரு தடவையும் வேற வேற ஊர்ல பேனர் கட்டி, கூட்டிப் பெருக்கி, குரூப் போட்டோ எடுத்துட்டு பஸ் ஏறுறதுக்குப் பதிலா, அத்தனை மணி நேரத்தையும் ஒரே ஊருக்குக் கொடுக்கலாமே? ரெண்டு ரெண்டு பேரா, ஜோடியை நாம தேர்ந்தெடுக்காம, அஞ்சு வீடு, நாலு செமஸ்டர். முதல் செமஸ்டர் முழுக்க எந்த ஃபாரமும் கூடாது, கத்துக்கிறது மட்டும்தான். கணக்குப் பார்க்கிறவங்க லாக்புக்கைப் பார்க்க வேண்டாம். அந்த அஞ்சு வீட்டுக்குப் போய், இந்தப் பசங்க பேர் என்னன்னு கேட்டா போதும். எங்க ஊர்ல ஐஸ் பெட்டி உருகுற பிரச்சனை இருக்கு, கரைக்கு இழுக்கிற படகு இன்ஜின் உப்புல அரிக்கிற பிரச்சனை இருக்கு. மெக்கானிக்கல்காரங்களுக்கு ஃபைனல் இயர் ப்ராஜெக்டே கிடைக்கும். நெட்ல சுட்ட ப்ராஜெக்டை விட அது மேல்.

என்.எஸ்.எஸ் பொறுப்பாசிரியர்கிட்ட இதை எழுத்துல கொடுத்திருக்கேன். "பார்க்கலாம்"னார். அவர் பார்க்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு நாங்க நாலு பேர் சனிக்கிழமையில போக ஆரம்பிச்சிருக்கோம். இந்தத் தடவை எங்க தெருன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போறேன். அப்பாகிட்ட அந்தத் திசைக் கணக்கைக் கேட்டேன். "இவ்வளவு நாள் கழிச்சு இது எதுக்குடா?"ன்னு முறைச்சார், அப்புறம் வானத்தைக் காட்டி ஆரம்பிச்சவர் ராத்திரி பதினொண்ணு வரைக்கும் நிறுத்தல. பாதிதான் புரிஞ்சது, அடுத்த வாரம் மறுபடி கேக்கணும்.

வர்றவங்க காலையில படகு கரை ஏறுற நேரத்துக்கு வந்துடுங்க. பழைய பேன்ட் போட்டுக்கங்க. அப்பாயி முதல்ல "சாப்பிட்டியா"ன்னு கேக்கும், அடுத்து "நீ யாரு வீட்டுப் புள்ள"ன்னு கேக்கும். ரெண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிட்டு வாங்க, தாத்தா பேர் வரைக்கும் போகும்.