அவரும் சிரித்தாரே

டீச்சர் ஏன் எதுவும் எழுதுவதில்லை என்று இரண்டு பேர் போன் போட்டே கேட்டுவிட்டீர்கள். கண் புரை ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் போனைப் பார்க்க அனுமதி கிடைத்தது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன சனிக்கிழமை கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை எல்லோருக்கும் ஒரு காமெடி மேஜிக் ஷோவுக்கு டிக்கெட் போட்டிருந்தார். தலைக்கு 400 ரூபாய். "எனக்கு எதுக்கு, நான் வீட்டிலிருந்து மாவு ஆட்டுறேன்" என்றேன். பேரன் விடவில்லை.

நான் பார்த்த மேஜிக் எல்லாம் சந்தை நாளில் மரத்தடியில் பார்த்ததுதான். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுகிறேன் என்பார், கடைசிவரை விடமாட்டார். பாதியில் போனால் ரத்தம் கக்குவாய் என்று மிரட்டுவார். பயந்துபோய் கால் கடுக்க நின்றிருக்கிறேன். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பந்தை மறைத்து எடுப்பார். செப்படி வித்தை என்கிறோமே, அதில் வரும் செப்பு அந்தக் கிண்ணம்தான்.

இங்கே ஏசி அரங்கம், கலர் லைட்டு. மேடையில் முப்பது வயதுத் தம்பி. வித்தையில் குறை சொல்ல முடியாது. முன்வரிசைப் பெண்ணிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய நூறு ரூபாய் நோட்டு, சற்று நேரத்தில் எலுமிச்சம்பழத்துக்குள்ளிருந்து வந்தது. அரை மணி நேரத்தில் ஒன்று எனக்குப் பிடிபட்டது. ஜனங்கள் எப்போது குலுங்கிச் சிரிக்கிறார்களோ, அப்போதுதான் அவர் கை மேஜைப் பக்கம் போகிறது. சிரிக்கிறவன் கண் ஒரு நொடி காவலை விட்டுவிடும். பரீட்சை ஹாலில் நின்ற கண் எனக்கு, ஆபரேஷன் ஆனாலும் அதெல்லாம் தப்பாது!

பிறகு கீழே இறங்கி, ஐம்பது வயதிருக்கும், வேட்டி கட்டிய ஒருவரைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார். வழுக்கைத் தலை. "கையைக் காட்டுங்க, ஒண்ணுமில்லை. தலைக்கு மேல, ஒண்ணுமில்லை. தலைக்குள்ள... அங்கயும் ஒண்ணுமில்லை" என்றார். அரங்கமே அதிர்ந்தது. நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. அவரும் சிரித்தார். அப்புறம் பத்து நிமிஷம் அவர் பேசிய ஆங்கிலம், செருப்பு, பெண்டாட்டி என்று ஒன்று விடாமல் கிண்டல்.

முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகள் முகத்தையே பார்த்த பழக்கம். என் கண் தானாக அவருடைய மகளிடம் போனது. பத்து வயதிருக்கும். அவள் சிரிக்கவில்லை. மேடையையும் பார்க்கவில்லை. மடியிலிருந்த பாப்கார்ன் பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் காமெடியில் சகஜம் என்று மகள் சொல்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதே தம்பி கடைசியில் இன்னொன்று செய்தார். காணாமல் போன முயல் பொம்மை அவர் முதுகிலேயே தொங்குகிறது. அவருக்குத் தெரியாதாம். பிள்ளைகள் எல்லாம் நாற்காலியில் ஏறி நின்று "பின்னாடி, பின்னாடி" என்று கத்துகிறார்கள். அவர் திரும்பினால் முயலும் கூடவே திரும்புகிறது. பேரனுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. அங்கே முட்டாள் அவர், கெட்டிக்காரர்கள் பிள்ளைகள். யாருக்கும் ஒரு காயமும் இல்லை. திரும்பி வரும்போது மாப்பிள்ளை போனில் டாமி கூப்பர் என்று ஒருவரைக் காட்டினார். பிரிட்டனில் பெரிய பெயர், 1984-ல் காலமானவர். சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு தன் வித்தைகளைத் தானே சொதப்புவார். ஊரைச் சிரிக்கவைக்க அவருக்குத் தன் முகமே போதுமாக இருந்தது.

ஷோ முடிந்து வாசலில் எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். நானும் போனேன். "வித்தை அருமை தம்பி. ஆனா அந்த ஐயாவை அவ்வளவு பேசியிருக்க வேண்டாம். அவர் பொண்ணு பார்த்துக்கிட்டிருந்தா" என்றேன். மரியாதையான பிள்ளைதான். "அம்மா, அவரும் சிரிச்சாரேம்மா" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அது நான் சொன்ன வசனம்.

1991-ல் நாலாம் வகுப்பு. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பையனுக்கு 'ர' வராது. மரம் என்பதை 'மயம்' என்பான். மத்தியானம் மூன்று மணிக்கு வகுப்பு தூங்கி வழியும்போது அவனை எழுப்பி, 'ர' நிறைய வரும் பத்தியாகப் பார்த்து வாசிக்கச் சொல்வேன். வகுப்பே விழித்துக்கொள்ளும். அதற்கப்புறம் வாய்ப்பாடு நடத்தினால் எல்லோரும் கவனிப்பார்கள். என் வித்தைக்கு அவன்தான் எலுமிச்சம்பழம். ஒரு சக ஆசிரியை அப்போதே "பாவம் டீச்சர்" என்றார். "அவனும் சிரிக்கிறானே" என்றேன்.

அந்த வருஷம் முழுக்க அவன் தானாக ஒரு கேள்விக்கும் கை தூக்கியதில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை. கல்யாண வீடுகளில் இதை நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அவன் இந்த நட்புப் பட்டியலில் இருக்கிறான். ஒவ்வொரு ஆசிரியர் தினத்துக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறான். பெயர் எழுதமாட்டேன், நீங்களும் கமெண்டில் எழுதாதீர்கள். தம்பி, நீ இதைப் படித்தால், நான் செய்தது தப்பு. உன்னிடம் நேரில் சொல்ல ஆசை. அடுத்த வாரம் ஊருக்கு வந்துவிடுவேன், பழைய வீடுதான், பழைய நம்பர்தான்.